காயம் எங்கே என்று கேட்டார்கள்

முதல் விரல் போனபோது கம்பெனியே அழுதது. ஐந்தாவது விரல் போனபோது, டீ நேரம் பத்து நிமிஷம் தள்ளிப்போனதே என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். இருபதுக்கு மேல் யாரும் எண்ணவில்லை. வெண்ணிலா மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். அத்தனையையும் திரும்ப முளைக்க வைத்தவள் அவள்தானே.

குன்றத்தூர் போகிற ரோட்டில், மலைக்கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மகிழம் பிரஸ் காம்போனென்ட்ஸ் என்று ஒரு கம்பெனி. தகட்டை அழுத்தி வெட்டி, கார் கதவுக்கு வேண்டிய கொக்கி, கீல் என்று சின்னச் சின்ன சாமான் செய்கிற இடம். பன்னிரண்டு பிரஸ் மெஷின்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு கண்ணாடி அறை. அறைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் வெண்ணிலா. கதவில் 'ஹீலர்' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். தீயணைக்கிற சிவப்பு சிலிண்டரைச் சுவரில் மாட்டி வைக்கிறார்களே, அந்த மாதிரி அவளையும் வைத்திருந்தார்கள்.

அதற்கு முன்னால் அவள் அஸ்தினாபுரம் முனையில் மீன் விற்றவள். கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரி. விடிகாலையில் கூடையோடு பஸ் ஏறி வந்து சங்கரா, கவலை மீன்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு ஒருத்தர் இரண்டு பேருக்கு என்று அந்த வரமோ வினையோ வந்ததே, அப்போது அவளுக்கும் வந்தது. பக்கத்துக் கூடைக்காரி அருவாமனையில் கட்டை விரலைப் பிளந்துகொண்டாள். வெண்ணிலா பதறிப்போய் அதைக் கையால் பொத்தினாள். உள்ளங்கை தோசைக்கல் மாதிரி சுட்டது. கையை எடுத்துப் பார்த்தால் காயம் இல்லை.

அன்றைக்குப் பிடித்தது சனியன். கிலோவுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் மல்லுக்கு நின்ற அபார்ட்மென்ட் அம்மாக்கள் எல்லாம் மறுநாளே 'தாயே' என்றார்கள். அதில் ஒருத்தி, "அந்தக் கையால இனிமே மீனைத் தொடாதேம்மா, பாவம்" என்று அட்வைஸ் வேறு செய்தாள். வாரம் மூன்று நாள் அதே கை வெட்டிக் கொடுத்த மீனைச் சப்புக்கொட்டித் தின்றவள் அவள். கோயில்காரர்கள் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றார்கள். சபைக்காரர்கள் ஆவியின் வரம் என்றார்கள். மீன் வாங்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

அரசாங்கம் பரீட்சை வைத்து அட்டை கொடுத்தது. நிலை ஒன்று, நிலை இரண்டு என்று ஆளுக்கொரு தரம். வெண்ணிலா நிலை இரண்டு. நாளுக்கு மூன்று முறைதான் கை சுடும். காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் அது உதவாது. வெட்டு, நசுங்கல், முறிவு, அவ்வளவுதான். அதுவும் ரத்தம் காய்வதற்குள் தொட வேண்டும். முக்கால் மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒரு மணி. காய்ந்த பிறகு சாமியே வந்து தொட்டாலும் ஒட்டாது.

இப்படிப்பட்ட ஆட்களை எப்படி நடத்துவது என்று ஊருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்கிறீர்கள்? கம்ப்யூட்டர் கேம்தான். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு கூட்டமாக ஆடுகிற ஆட்டங்கள் இருக்கின்றனவே, அதில் ஒருத்தன் கத்தியோடு முன்னால் போவான், ஒருத்தி பின்னால் நின்று அடிபட்டவனுக்கெல்லாம் உயிர் ஏற்றிக்கொண்டே இருப்பாள். ஏன் அடிபட்டாய் என்று அவள் கேட்க மாட்டாள். அதுதான் அவள் வேஷம். ஜிஎஸ்டி ரோட்டில் ஹெல்மெட் போடுவது அவமானமாகிப்போனது. பொத்தேரிப் பக்கம் பையன்கள் பந்தயம் கட்டி மாடியிலிருந்து குதித்தார்கள். விழுந்தால் என்ன, அதான் ஹீலர் இருக்கிறாரே! இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ஜனம் இது.

வெண்ணிலாவை இந்தக் கம்பெனிக்குக் கூட்டி வந்தவன் அவளுடைய தம்பி குணா. அங்கே அவன் செட்டர். எந்த மெஷினில் எந்த அச்சு மாட்ட வேண்டுமோ அதை மாட்டிச் சரிபார்த்துக் கொடுப்பது அவன் வேலை. யாராவது லீவு போட்டால் மெஷினிலும் உட்காருவான். "மீனு விக்கிறதுக்கு இது தேவலக்கா. ஃபேனுக்கு அடியில குந்திகினு இருக்கலாம்" என்றான். அவளும் நம்பி வந்தாள்.

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள் உண்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது எந்தக் கை உள்ளே மாட்டும்? எந்தப் புண்ணியவானோ யோசித்துச் செய்த ஏற்பாடு. வெண்ணிலா வேலைக்குச் சேர்ந்த மறுமாதமே அதற்குக் கருமாதி செய்தார்கள். ஒரு பட்டனை எப்போதும் அழுத்தியபடி கம்பியால் கட்டிவிட்டால், ஒரு கையால் பட்டனைத் தட்டிக்கொண்டே இன்னொரு கையால் தகட்டைத் தள்ளலாம். மணிக்கு இருநூறு சாமான் கூடுதலாக வரும். கட்டச் சொன்னவர் மேனேஜர் ஜெபராஜ். கட்டியவன் குணா. "தப்பித் தவறி ஏதாவது ஆச்சுன்னா உங்க அக்கா இருக்காங்கல்ல?" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். குணாவும் சிரித்தான்.

ஜெபராஜ் கெட்டவராக இருந்திருந்தால் வெண்ணிலாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மனுஷன் அதிர்ந்து பேச மாட்டார். எல்லாரையும் பிரதர், சிஸ்டர் என்பார். சாப்பிடும் முன் கண்மூடி ஜெபிப்பார். ஜூன் மாதம் வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் நோட்டு வாங்கிக் கொடுப்பார். அந்தக் கம்பியை அவிழ்க்கச் சொல்லி அவள் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும், "மேனேஜ்மென்ட்கிட்ட பேசிட்டிருக்கேன் சிஸ்டர். ஜெபத்துல வெச்சிருக்கேன்" என்றார். கேட் பக்கத்தில் 'விபத்தில்லா நாட்கள் 412' என்று போர்டு தொங்கியது. அன்றைக்கே ஆறிவிட்ட காயம் விபத்துக் கணக்கில் சேராதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் சோறுகூட வைக்கவில்லை, பூசணிக்காயே இல்லை என்று போர்டு எழுதி மாட்டினார்கள்.

முளைத்த விரலில் ரேகை கிடையாது. கண்ணாடி மாதிரி மழமழவென்று இருக்கும். இரண்டு முறை கட்டை விரலை விட்டுத் திரும்ப வாங்கிய துலுக்காணம் என்கிற பெரியவரை ரேஷன் கடை மெஷின் யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. மூன்று மாதம் அலைந்தார். கம்பெனியிலோ விரல் வைக்கிற அட்டெண்டன்ஸ் மெஷினைக் கழற்றிவிட்டு முகம் பார்க்கிற மெஷினை மாட்டினார்கள். அதற்குப் பணம் இருந்தது. கம்பியை அவிழ்க்கத்தான் ஜெபம் தேவைப்பட்டது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வெண்ணிலா விரல் முளைத்த மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, தொழிலாளர் விஷயம் பார்க்கிற ஆபீசுக்குப் போனாள். அங்கே இருந்த குமாஸ்தா ஆறு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காயம் எங்கேம்மா?"

"நான் ஆத்திட்டேன் சார்."

"அப்ப எதுக்கு வந்தீங்க? முப்பது விரலும் கச்சிதமா இருக்கு. ரேகை இல்லாததெல்லாம் காயத்துல சேராது. நன்றி சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க." அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்.

வெண்ணிலாவுக்கு அந்த மேசையைக் கவிழ்த்துப் போடலாம் போல இருந்தது. வெளியே வந்து படியில் நின்று மூச்சு வாங்கினாள். பின்னாலேயே சுபத்ரா என்கிற ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். பேசியதையெல்லாம் உள்ளேயிருந்து கேட்டிருக்கிறார்.

"ஒரே ஒரு காயம் போதும்மா. ஆறாத காயம். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில விபத்து ரிஜிஸ்டர்ல ஏறட்டும். என்ன மெஷின், எப்படி ஆச்சு, எல்லாம் எழுதி டாக்டர் கையெழுத்துப் போடட்டும். மறுநாள் காலையில நான் அந்த கம்பெனிக்குள்ள நிப்பேன். அது இல்லாம கேட்டைத் தாண்டறதுக்குக்கூட எனக்கு வழி இல்ல" என்றார்.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே வெண்ணிலா முடிவு செய்துவிட்டாள். அடுத்த காயத்தைத் தொடுவதில்லை. முதலில் ஆஸ்பத்திரி, முதலில் எழுத்து, அப்புறம்தான் கை. நாற்பது நிமிஷத்தில் போய் எழுதிவிட்டால் அதற்கப்புறம் அங்கேயே தொட்டு ஆற்றிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இந்த மாதிரி முடிவெல்லாம் எடுக்கும்போது சுலபமாகத்தான் இருக்கும். அடுத்த காயம் யாருடையது என்று அவள் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால். நாலு மணிக்கு லாரி போக வேண்டும். ஏழாம் நம்பர் மெஷின் ஆள் வரவில்லை என்று குணாவை உட்கார வைத்திருந்தார்கள். தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில் ஒரு அலறல் கேட்டது. அந்தக் குரலை வெண்ணிலா அவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்டவள்.

ஓடி வந்து பார்த்தாள். வலது கை. கட்டை விரல் மட்டும் தப்பித்திருந்தது. மற்ற நாலும் விரல் என்று சொல்லும்படியாக இல்லை. அவள் உள்ளங்கை தானாகவே சுட ஆரம்பித்தது. அது அவள் பேச்சைக் கேட்கிற கை இல்லை, ரத்தத்தைக் கண்டால் சுடுகிற கை. இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கைய வைக்கா! சீக்கிரம்! உயிரு போவுதுக்கா!"

வெண்ணிலா முந்தானையைக் கிழித்து அவன் மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். அவன் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து நூற்றெட்டுக்குப் போட்டாள். இடத்தைச் சொன்னாள். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"டேய் குணா, என் ராசா, நான் சொல்றத கேளு" என்று அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போறோம். எய்திகினு அங்கியே ஆத்திடறேன். அரைமணி நேரம்டா. இத்த எய்தாம வுட்டா நாளைக்கு இன்னொருத்தன் கையி, நாளானிக்கி இன்னொருத்தன் கையி."

"உனுக்கு இன்னா மண்ட கொயம்பிப் போச்சா? நான் உன் தம்பிக்கா! ஊரான் வூட்டுப் புள்ளைக்கெல்லாம் வெச்சியே, எனுக்கு வெக்க மாட்டியா?" அவன் அழுதான், திட்டினான், செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டான். வெண்ணிலாவின் மூடிய கைக்குள் நகம் சதையில் பதிந்தது.

கூட்டம் சும்மா இருக்குமா? கம்பி கட்டச் சொன்னவரை இத்தனை நாளில் ஒரு வார்த்தை கேட்காத கூட்டம், இப்போது அவளைப் பிடித்துக்கொண்டது. "ராட்சசிம்மா இவ." "சம்பளம் வாங்கற இல்ல, வேலைய செய்." எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் துலுக்காணம். "கூடப் பொறந்தவன் துடிக்கிறான், கல்லு மாதிரி நிக்குதே! நீயெல்லாம் பொம்பளையா?" என்று அவளைப் பார்த்து விரலை நீட்டினார். நீட்டியது அவள் கொடுத்த கட்டை விரல் இருக்கிற கை. நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று வெண்ணிலா வாய்விட்டே சொன்னாள்.

ஜெபராஜ் வந்தார். அப்போதும் சத்தம் போடவில்லை. "சிஸ்டர், கோபம் இருந்தா என்மேல காட்டுங்க. அவன்மேல காட்டாதீங்க. கைய வைங்க, அப்புறம் உக்காந்து பேசலாம்."

"மூணு தபா பேசியாச்சு சார். கம்பி இன்னும் அங்கியேதான் கீது."

அவர் பெருமூச்சு விட்டுப் போனை எடுத்து ஏதோ அழுத்தினார். இன்ஸ்பெக்டருக்கா, ஆம்புலன்சுக்கா என்று அவள் ஒரு நொடி நம்பிக்கூடப் பார்த்தாள். எட்டாவது நிமிஷம் ஒரு பைக் வந்து நின்றது. முதுகில் பச்சைப் பையோடு ஒரு பையன் இறங்கினான், இருபத்துநாலு வயசு இருக்கும். ஆப்பில் கூப்பிட்டால் சாப்பாடு வருகிற மாதிரி வருகிற ஹீலர். பெயர் ஹேமநாத், நிலை நான்கு, அவளைவிட இரண்டு படி மேல்.

"பேஷண்ட் யாரு? ஓ, இவரா. ஈஸி" என்று குணா பக்கத்தில் மண்டியிட்டான். வெண்ணிலாவின் கழுத்து அட்டையைப் பார்த்தான். "அக்கா, நீங்களும் ஹீலரா? மானா காலியா? கூல்டவுன்ல இருக்கீங்களா?"

"இன்னாடா சொல்ற?"

"இல்ல, இன்னிக்கு உண்டான மூணு தடவையும் முடிஞ்சுதான்னு கேட்டேன்."

"ஒண்ணுகூட முடியல. வெக்க மாட்டேன்னு சொல்லிகினு நிக்கிறேன்."

அவன் நிஜமாகவே குழம்பிப்போனான். "அதெப்படிக்கா? நாம சப்போர்ட் ரோல். முன்னாடி யாரு அடி வாங்கறாங்க, எதுக்கு வாங்கறாங்கன்னு நாம பாக்கக் கூடாது. உயிர் குறைஞ்சா ஏத்தணும், அவ்ளோதான் கேம்."

"இது கேம் இல்லடா சோமாறி. இது என் தம்பி கையி."

ஹேமநாத் தோளைக் குலுக்கிவிட்டு, "அண்ணா, உங்க நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும். அத சொன்னா ஆரம்பிச்சிடலாம். ஓடிபி இல்லாம தொட்டா எனக்கு அக்கவுண்ட் பிளாக் ஆயிடும்" என்றான்.

குணாவின் போன் வெண்ணிலாவின் கையில்தான் இருந்தது. டிங் என்றது.

குணா அவளைப் பார்த்தான். இப்போது அவன் கத்தவில்லை. உதடு வெளுத்துப் போயிருந்தது. "படிக்கா" என்றான். "உன் கால்ல வுயிந்து கேக்கறேன். படிக்கா."

எவ்வளவு நேரம்தான் ஒருத்தி கல்லாக நிற்க முடியும்? நாலு வயசு வரை இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை. அவளுடைய கோபம், இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னது, ஆறு கையைப் பார்த்துச் சிரித்த குமாஸ்தா, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். இந்தக் கம்பெனியும் இந்த ஊரும் நாசமாகப் போகட்டும்.

"நாலு" என்று படித்தாள். "ஏழு..."

"நிறுத்துக்கா."

குணா அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் திரும்பினாள்.

ஏழாம் நம்பர் மெஷினைச் சூப்பர்வைசர் வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணி சிவப்பாக இருந்தது. நாற்காலியில் ஜெயஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். பொத்தேரியிலிருந்து வருகிற பெண், வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள். அவள் இரண்டு கையையும் மடியிலிருந்து எடுக்கவில்லை. ஜெபராஜ் அவள் பக்கத்தில் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தது இங்கே வரை கேட்டது.

"பயப்படாதம்மா. பாரு, ரெண்டு ஹீலர் இருக்காங்க. லாரி நாலு மணிக்கு. சும்மா ஆரம்பி."

கம்பி அப்படியே இருந்தது. குணா தன் கையால் முறுக்கிக் கட்டிய கம்பி. அதை அவிழ்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ரத்தத்தைத் துடைத்தார்கள், கம்பியை விட்டுவிட்டார்கள்.

"த்தூ" என்றான் குணா. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். ஹேமநாத் தாங்கப் போனான். "கைய எட்றா! தொட்ட, கட்ச்சிடுவேன். ஏய் பொண்ணு! எந்திரி அங்கேர்ந்து. எந்திரின்றேன் இல்ல!"

ஜெயஸ்ரீ எழுந்துவிட்டாள். ஜெபராஜ் ஓடி வந்தார். "குணா, பிரதர், உணர்ச்சிவசப்படாதீங்க. ஓடிபிய சொல்லுங்க. கை போயிடும்ப்பா."

"என் கையி சார் அது. நான் பாத்துக்கறேன்." அவன் ஜெயஸ்ரீ பக்கம் தாடையால் காட்டினான். "அந்தப் பொண்ண குந்த வெக்கறதுக்கு என் ரத்தம் காயற வரைக்குமாச்சும் காத்துகினு இருந்தியா நீ? எக்கா, வண்டி வந்துச்சா?"

வெண்ணிலாவால் தாங்க முடியவில்லை. "டேய், போதும்டா, நான் சொன்னதெல்லாம் வுட்டுடு, நானே வெக்கறேன்டா" என்று கையை விரித்தாள். அவன் நசுங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டான். "நீதான சொன்ன, எய்திட்டு வெக்கலாம்னு? அப்பால வை."

ஆம்புலன்ஸ் வந்தபோது இரண்டு ஐம்பது. அனகாபுத்தூர் தாண்டுவதற்குள் பெட்ரோல் பங்க் பக்கத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்று எல்லா வண்டியையும் மறித்துவிட்டது. சைரன் தொண்டை கிழியக் கத்தியது. ஒருத்தனும் விலகவில்லை. ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஹீலர் அட்டைய மாட்டிகினு ஆம்புலன்ஸ்ல போற? உள்ளயே ஆத்தேன், எங்களுக்கும் பேஜார் இல்ல" என்றார். வெண்ணிலா அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். குப்பத்தில் படகு கவிழும்போதுகூடச் சொல்லாத வார்த்தை. திட்டி முடித்தும் மனசு ஆறவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மூன்று எட்டு. ஐம்பத்துமூன்று நிமிஷம். உள்ளங்கை இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் முதலில் இருந்த சூடு இல்லை.

டியூட்டியில் இருந்தவர் கிறிஸ்டி என்கிற இளம் டாக்டர். கையைப் பார்த்ததும் முகம் மாறியது. வெண்ணிலாவின் அட்டையைப் பார்த்ததும் கோபம் வந்தது. "நீங்க ஹீலர்தானே? இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

வெண்ணிலா சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். டாக்டர் நர்சைக் கூப்பிட்டு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார்.

"போட்டோ எடுத்துடறேன். ஆனா எலும்பு நசுங்கினதுக்கு எக்ஸ்ரே வேணும். அது இல்லாம நான் எழுதினா, சின்னக் கீறல்னு அவங்க வக்கீல் ஒரே வார்த்தையில தள்ளிடுவார். எக்ஸ்ரேக்குப் பத்து நிமிஷம் ஆகும்." அவர் குணாவைப் பார்த்தார். "பத்து நிமிஷம் உங்ககிட்ட இருக்கான்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

குணா அக்காவைப் பார்த்தான். அவள் தலையைப் பலமாக ஆட்டினாள், வேண்டாம், வேண்டாம் என்று. "போட்டோ போதும் டாக்டர், நான் வெச்சிடறேன்."

"எக்ஸ்ரே எடுங்க" என்றான் குணா.

எக்ஸ்ரே அறை வாசலில் நின்றபடி வெண்ணிலா உள்ளங்கையை உள்ளங்கையோடு தேய்த்துக்கொண்டே இருந்தாள். யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டச் சொன்னவன், கட்டினவன், சிரித்த குமாஸ்தா, விலகாத லாரி, மூடிய கையோடு நின்ற தான். எல்லார் மேலும் வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு அஸ்தினாபுரம் முனையிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாதா? அவள் ஒருத்தி அந்தக் கண்ணாடி அறையில் உட்காராமல் இருந்திருந்தால் அந்தக் கம்பியைக் கட்ட ஒருத்தனுக்கும் தைரியம் வந்திருக்காது. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

டாக்டர் எழுதினார். வேகமாகத்தான் எழுதினார். கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, நிமிர்ந்து, "இப்ப வைங்கம்மா. சீக்கிரம்" என்றார்.

வெண்ணிலா பாய்ந்து இரண்டு கையாலும் அந்தக் கையைப் பொத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கையில் ரத்தம் பிசுபிசுக்கவில்லை, பொருக்காகக் குத்தியது. இன்னும் அழுத்தினாள். மீன் கூடையிலிருந்து எடுத்த ஐஸ் மாதிரி அவள் கை சில்லென்று இருந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம். காயம் அப்படியே இருந்தது.

குணா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடது கையால் அவள் கைகளை மெதுவாக விலக்கினான்.

"வுடுக்கா." டாக்டர் பக்கம் திரும்பினான். "இன்னா எய்தினீங்க, கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

டாக்டர் ரிஜிஸ்டரைத் திருப்பிப் படித்தார். "வலது கை, நான்கு விரல்கள், பிரஸ் மெஷினில் நசுங்கி..."

"எந்த மெஷினுன்னு இல்லியே. ஏயாம் நம்பர். போடுங்க. பட்டன்ல கம்பி கட்டி கீதுன்னு போடுங்க." அவன் மூச்சை இழுத்து விட்டான். "கட்டச் சொன்னது ஜெபராஜ் சாரு. கட்டனது நானு. அதையும் போடுங்க, வுட்றாதீங்க. பன்னெண்டு மெஷின்லயும் நான்தான் கட்டனேன்."